வெந்நீர்க் குழாயில் நூலாக வரும் தண்ணீர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழக்கரையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடியில், 78 வயதான என் தாயாருடன் வசித்து வருகிறேன். எங்கள் மாடிதான் கட்டடத்தின் கடைசி மாடி. வெயில் காயும் கடற்கரை ஊரில் வெந்நீருக்கு என்ன அவசியம் என்று கேட்பவர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை விடாமல் பெய்து வாடைக்காற்று வீசும்போது, மூட்டுவலியால் அவதிப்படும் முதியவருக்கும் பிள்ளை பெற்று வீடு வந்திருக்கும் பெண்ணுக்கும் வெந்நீர் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது உடனிருந்து பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும்.

கடந்த கார்த்திகையில் எங்கள் குளியலறையில் பச்சைத் தண்ணீர்க் குழாய் நன்றாகக் கொட்டிக்கொண்டிருக்க, வெந்நீர்க் குழாயில் மட்டும் தண்ணீர் நூல் பிடித்தாற்போல் இறங்கியது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். 15 லிட்டர் வாளி நிரம்பப் பச்சைத் தண்ணீருக்கு ஒன்றரை நிமிடமும் வெந்நீருக்கு 9 நிமிடமும் ஆயின. வாளி நிரம்புவதற்குள் முதலில் விழுந்த நீர் ஆறிப்போய்விடும். அதுவரை என் தாயார் துண்டைப் போர்த்திக்கொண்டு முக்காலியில் நடுங்கியபடி உட்கார்ந்திருப்பார்.

பழுது பார்க்க வந்த ஒருவர் கீசரைத் திறந்துகூடப் பார்க்காமல், பழையதாகிவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்றார். இன்னொருவர் மொட்டை மாடியில் பிரஷர் பம்ப் பொருத்தினால்தான் சரிப்படும் என்றார். இரண்டுமே பல ஆயிரம் ரூபாய் செலவு வைப்பவை. கடைசியில் வந்த வயதான பிளம்பர் ஒருவர், ஒரு ஸ்பேனரையும் ஒரு வாளியையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் கோளாறு எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டார். அவர் செய்து காட்டியதை நம் கரையோர ஊர்களில் மாடி வீடுகளில் வசிக்கும் மற்றவர்களும் அறிய வேண்டும் என்பதாலேயே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

கீசர் தானாகத் தண்ணீரை வெளியே தள்ளுவதில்லை. அடியில் நுழையும் பச்சைத் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் நுழைகிறதோ, அதே அளவு வெந்நீர்தான் கீசரின் மேல்பகுதியிலிருந்து குழாய் வழியாக வெளியேறும். எனவே உள்ளே போகும் வழி அடைத்திருந்தாலும் வெளியே வரும் வழி அடைத்திருந்தாலும் குளியலறையில் தெரியும் அறிகுறி ஒன்றே. எந்தப் பக்கம் அடைப்பு என்று பிரித்தறிய, முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, உள்ளிருக்கும் நீர் ஆறும்வரை காத்திருந்து, கீசரிலிருந்து வெளியேறும் இணைப்புக் குழாயைக் கழற்றி வாளியில் விட்டுப் பார்க்க வேண்டும். அங்கே தண்ணீர் வேகமாக வந்தால் கோளாறு அதற்குப் பிறகுள்ள குழாயிலோ, வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் மிக்ஸரிலோ இருக்கிறது. அங்கேயும் மெதுவாக வந்தால் கீசரிலோ அதற்கு முந்தைய வால்விலோ இருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் கோளாறு இருந்தது. உள்ளே போகும் வழியில் பொருத்தியிருந்த, தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு பாதி இறுகிப்போயிருந்தது. வெளியே வரும் இணைப்புக் குழாயைக் கழற்றித் தட்டியபோது, கிளிஞ்சலை இடித்துப் போட்டதைப் போல வெள்ளைச் சில்லுகள் ஒரு கைப்பிடி உதிர்ந்தன. விரல் நுழைய வேண்டிய துளையில் பென்சில் கூட நுழையவில்லை.

அந்த வெள்ளைச் சில்லு சுண்ணாம்புதான். உப்புத் தண்ணீர் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்திருக்கின்றன. நாக்கில் கரிக்கும் கடலுப்பு, கீசரின் சூட்டில் படிவதில்லை. அது உலோகத்தை அரிக்கும். படிவது நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட். சூடேறியதும் அது கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்பாக மாறி, நீரைச் சூடேற்றும் கம்பியின் மேலும் குழாயின் உட்சுவரிலும் ஒட்டிக்கொள்கிறது. ஒரே தொட்டியிலிருந்து வரும் பச்சைத் தண்ணீர்க் குழாய் ஒழுங்காக இருக்க, வெந்நீர்க் குழாய் மட்டும் அடைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே. போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது, ஊருணித் தண்ணீரில் பூவாக மலரும் என்று நம் பாட்டிமார் சொன்னதும், நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருக்கும் இதே கடினத்தன்மையைத்தான்.

2009-ல் தொடங்கப்பட்ட காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீரை எங்கள் குடியிருப்பில் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொள்கிறோம். மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுவதெல்லாம் போர் தண்ணீர். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் போர் தண்ணீரைப் பரிசோதித்தபோது அது அந்த மேல்வரம்பையும் தாண்டியிருந்தது.

கீழ்த்தள வீடுகளில் யாரும் இந்தக் குறையைச் சொல்லாததற்கும் ஒரு காரணம் உண்டு. தொட்டியிலிருந்து குழாய் எவ்வளவு கீழே இருக்கிறதோ அந்த உயரமே அழுத்தம். அழுத்தத்தை அளக்கும் அலகு பார். 10 மீட்டருக்கு ஏறத்தாழ 1 பார். தொட்டிக்கு மூன்று மீட்டர் கீழே இருக்கும் எங்களுக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கீழ்த்தளத்தார் உணராத சிறு அடைப்பும் கடைசி மாடியில் குளியலையே நிறுத்திவிடும். ஆனால் அதற்காக அடைப்பை நீக்காமல் பம்ப் போடுவது தவறு. கீசரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் அது எத்தனை பார் அழுத்தம் வரை தாங்கும் என்று எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் பம்ப் பொருத்துவது ஆபத்து. பொதுக் குழாயில் பொருத்தினால் பக்கத்து வீட்டுக்குப் போகும் தண்ணீரையும் அது இழுத்துக்கொள்ளும்.

அந்தப் பிளம்பர் வால்வையும் இணைப்புக் குழாயையும் மாற்றினார். மிக்ஸரின் சல்லடையையும் ஷவர் தலையையும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கழுவினார். கீசரின் அடிப்பகுதியைத் திறந்து, படிந்திருந்த சுண்ணாம்பை வழித்தெடுத்தார். உள்ளே இருந்த மெக்னீசியக் கம்பி கரைந்து ஊசியாகியிருந்ததால் அதையும் மாற்றினார். கீசரின் உள்தொட்டி உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தொட்டியைக் காப்பதே அந்தக் கம்பியின் வேலை என்பதை அன்றுதான் அறிந்தேன். கழிப்பறை கழுவும் ஆசிட்டைக் கீசருக்குள் ஊற்றவே கூடாது என்றும், அழுத்தம் மிகும்போது நீரை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்பதற்காக அதை அடைத்துவிடக் கூடாது என்றும் திரும்பத் திரும்பச் சொன்னார். சூட்டுக் குமிழை உச்சத்தில் வைக்காமல் சற்றுக் குறைத்து வைத்தால் சுண்ணாம்பு படிவதும் குறையும் என்றார். இப்போது வெந்நீர் வாளி இரண்டு நிமிடத்தில் நிரம்புகிறது. புதிய கீசர் வாங்கவில்லை, பம்பும் பொருத்தவில்லை.

இந்த வேலையில் பாதி நேரம் போனது கீசருக்குப் போகும் தண்ணீரை நிறுத்துவதற்குத்தான். எங்கள் வீட்டுக்கெனத் தனி வால்வு இல்லாததால் மொட்டை மாடியில் முழுக் கட்டடத்தின் தண்ணீரையும் அடைக்க வேண்டியதாயிற்று. ஆகவே, தேவிபட்டினம் முதல் சாயல்குடி வரை கடலோரத்தில் அடுக்குமாடி கட்டுவோர் ஒவ்வொரு கீசருக்கும் கை எட்டும் உயரத்தில் ஒரு வால்வும், அடியில் தண்ணீரை வடிக்க ஒரு வழியும் வைத்துக் கட்ட வேண்டும். வெந்நீர்க் குழாய்க்கு இரும்புக் குழாயைத் தவிர்த்துச் சூடு தாங்கும் சிபிவிசி (CPVC) பிளாஸ்டிக் குழாயையே பயன்படுத்த வேண்டும். குடியிருப்போர் சங்கங்கள் தங்கள் போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பரிசோதித்து, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அதன் கடினத்தன்மையைப் பார்த்தே கீசரை ஆண்டுக்கு ஒருமுறை திறந்து கழுவினால் போதுமா, இருமுறை கழுவ வேண்டுமா என்பதை ஒவ்வொரு வீட்டாரும் முடிவு செய்துகொள்ள முடியும். நம் மாவட்டத்து அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் குழாய்ப் பணி கற்கும் இளைஞர்களுக்கு, இந்தக் கரைத் தண்ணீரில் சுண்ணாம்பு எப்படிப் படிகிறது, எப்படி நீக்குவது என்பதைக் கீசரைப் பிரித்துக் காட்டியே கற்பிக்குமாறு உரிய அதிகாரிகளைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.