பசை மூடியத் திறக்கறதுக்கு முன்னாடியே வெதரிங் ஆரம்பிச்சிடணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பொழுதுபோக்கு பக்கத்துல மாடல் ரயில் கட்டிடங்கள் பத்தி கட்டுரை போட்டதுக்கு முதல்ல நன்றி, தமிழ் பேப்பர்ல இந்த விஷயத்துக்கு அரை பக்கம் கிடைச்சதே ரொம்ப சந்தோஷம். ஆனா ஒரு இடம் மட்டும் மனசுக்கு ஒப்பல. கிட்டை (கட்டிடத்தோட பாகங்கள் டப்பாவுல வர்ற செட்டை) முழுசா ஒட்டி பெயின்ட் அடிச்சு முடிச்சப்புறம் "பழசா தெரிய கொஞ்சம் அழுக்கு பூசிக்கலாம்"னு ஒரே வரியில வெதரிங்கை, அதாவது மாடல வெயில் மழை பட்டு பழசான மாதிரி ஆக்கற வேலைய, முடிச்சுட்டாங்க. பிளாஸ்டிக் கிட்டுக்கு இது ஓரளவு சரிப்பட்டு வரும், கிராஃப்ட்ஸ்மேன் கிட்டுக்கு வரவே வராது. அதைப் படிச்சுட்டு புதுசா கிட் வாங்கறவங்க அப்படியே செஞ்சா மரம் வீணாப் போயிடுமேன்னுதான் எழுதறேன்.

கிராஃப்ட்ஸ்மேன் கிட்டுன்னா டப்பாவுல ரெடியான சுவர் இருக்காது. மெல்லிசா சீவின பாஸ்வுட்ங்கற மர ஷீட்டு, கட்டுக்கட்டா ஸ்ட்ரிப்வுட் (மெல்லிசு மரக்குச்சி), ஜன்னல் கதவு, புகைபோக்கி, பீப்பா மாதிரி உலோக காஸ்டிங் (அச்சுல வார்த்த சின்னப் பாகங்கள்), கூரைக்கு பேப்பர், ஒரு பிளான், அவ்ளோதான், மீதி எல்லாம் நம்ம கையில. இந்த வகைய உலகம் பூரா பரப்பினவங்கள்ல ஒருத்தர் அமெரிக்காவுல 1967ல ஃபைன் ஸ்கேல் மினியேச்சர்ஸ் ஆரம்பிச்ச ஜார்ஜ் செல்லியோஸ். அவருக்கு முன்னாடியே ஜான் ஆலன்ங்கற இன்னொரு அமெரிக்க மாடல்காரர் (1973ல இறந்துட்டார்) தன்னோட லேஅவுட்ல, அதாவது தண்டவாளம் ஊரெல்லாம் வச்ச மாடல் அமைப்புல, ரயில் கட்டிடம் எல்லாத்தையும் வெயில் மழை பட்ட மாதிரி பண்ணி, ரயில் மாடல்னா பளபளன்னுதான் இருக்கணும்ங்கற எண்ணத்தையே மாத்தினார்.

சரி, ஏன் முன்னாடியே ஆரம்பிக்கணும்? காரணம் ரொம்ப சிம்பிள், பசை பட்ட மரத்துல சாயம் இறங்காது. மூலையில லேசா பிதுங்கின பசைய துடைச்சுட்டோம்னு நினைப்போம், ஆனா அது மரத்துக்குள்ள ஊறி காய்ஞ்சிருக்கும், அப்புறம் மேல சாயம் ஓட்டினா அந்த இடம் மட்டும் வெளுப்பா திட்டுத்திட்டா நிக்கும், அதை எந்த பவுடர் போட்டும் முழுசா மறைக்க முடியாது. அதனால ஸ்ட்ரிப்வுட்ட கட்டோட எடுத்து, கம்பி பிரஷ்ஷால மர இழை போற திசையிலயே இழுத்து கொஞ்சம் சொரசொரப்பாக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல இந்தியன் இங்க்ங்கற கறுப்பு மை கலந்து (அரை லிட்டருக்கு ஒண்ணு ரெண்டு டீஸ்பூன் இங்க் போதும்) ஒரு ஓட்டு ஓட்டி காயவிட்டுட்டு அப்புறம்தான் வெட்ட ஆரம்பிக்கணும். எல்லா குச்சியும் ஒரே சாம்பல் நிறத்துல இருக்கக் கூடாது, சிலதுக்கு ஒரு ஓட்டு, சிலதுக்கு ரெண்டு, சிலதுல லேசா பழுப்பு. வெட்டின முனையில வெள்ளை மரம் எட்டிப் பாக்கும், அதையும் உடனே தொட்டு விட்டுடணும், நிறைய பேர் விடற இடம் இது. ஆல்கஹால் சீக்கிரம் தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வச்சு அடுப்பு விளக்கு பக்கத்துல இல்லாம செய்யணும், இதையும் கட்டுரையில சொல்லியிருக்கலாம்.

இன்னொண்ணு, மெல்லிசு பலகையில ஒரு பக்கம் மட்டும் தண்ணி கலந்த பெயின்ட் அடிச்சா வளைஞ்சிடும். அதுக்குத்தான் சுவருக்கு பின்னாடி முதல்லயே பிரேசிங் (வளையாம தாங்கற குச்சி) ஒட்டறது, ரெண்டு பக்கமும் பெயின்ட் அடிக்கறது எல்லாம். பிரேசிங் ஒட்டும்போது மட்டும் பசை முன்பக்கம் வராம பாத்துக்கணும்.

இப்ப பெயின்ட் உரிஞ்ச சுவருக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இதுதான். நிஜ மரச்சுவர் ஏன் சாம்பலாகுதுன்னா, வெயில்ல இருக்கற புற ஊதாக்கதிர் மரத்துல இருக்கற லிக்னினை சிதைக்குது, மழை அதைக் கழுவிட்டு போயிடுது, மிச்சம் நிக்கற நார்தான் சாம்பலா தெரியுது. அதாவது பெயின்ட் எங்க உரிஞ்சதோ அங்கதான் சாம்பல், பெயின்ட்டுக்கு மேல இல்ல. மாடல்லயும் அதே வரிசையிலதான் போகணும், அடியில சாம்பல் மரம், மேல பெயின்ட், அப்புறம் உரிப்பு. சாயம் காய்ஞ்ச பலகையில ஸ்பாஞ்சால அங்கங்க ரப்பர் சிமென்ட் (தேச்சா உரிஞ்சு வர்ற ரப்பர் பசை) ஒத்தி, மேல பெயின்ட் அடிச்சு, காய்ஞ்சதும் விரலால தேச்சா அந்தந்த இடத்துல மட்டும் பெயின்ட் கழண்டு வந்துடும், இல்லன்னா பெயின்ட் அடிச்ச கொஞ்ச நேரத்துல ஒட்டற டேப்ப அழுத்தி இழுத்தாலும் வரும். எங்க உரிக்கணும்ங்கறதுலதான் விஷயமே இருக்கு. இறவாணத்துக்கு நேர் கீழ மழையும் வெயிலும் கம்மியாத்தான் படும், அங்க பெயின்ட் நல்லா நிக்கும். ஜன்னலோட அடிப்பலகையில ரெண்டு மூலையிலயும் தண்ணி வழியும், அங்க உரியும். தரைக்கு மேல ஒரு ரெண்டு அடி உயரத்துக்கு மழைத்தண்ணி மண்ணோட தெறிக்கும், அங்க உரிஞ்சு கறையும் ஏறும். சுவர் பூரா சமமா உரிச்சா அது பழசா தெரியாது, டிசைன் போட்ட மாதிரிதான் தெரியும்.

சுவர்ப் பலகையில ஆணி அடிச்ச மாதிரி சின்ன ஓட்டை போடணுமா வேண்டாமான்னு இதுல உள்ளவங்க நடுவுல ஓயாத சண்டை ஒண்ணு உண்டு. எச்ஓ (HO)ங்கற மாடல் ரயில் அளவு 1:87, அதாவது நிஜத்துல 87ல ஒரு பங்கு, ஒரு அடின்னா மூன்றரை மில்லிமீட்டர், ஆணித்தலை எல்லாம் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர்தான் வரும். மாடல நாம 30 சென்டிமீட்டர் தள்ளி நின்னு பாத்தா அது நிஜத்துல 26 மீட்டர் தள்ளி நின்னு பாக்கற மாதிரி, அந்த தூரத்துல ஆணி தெரியாது, உண்மைதான். ஆனாலும் முன்வரிசை கட்டிடத்துக்கு ரொம்ப மெல்லிசா போட்டா சுவருக்குள்ள மரச்சட்டம் இருக்குங்கற உணர்வு வருது, அதனால ஓட்டை போடணும்ங்கறதுதான் என் கட்சி. சட்டம் வர்ற இடத்துக்கு நேரா, 24 அங்குலம் தள்ளின்னா 7 மில்லிமீட்டருக்கு ஒரு வரிசை. பின்வரிசைக்கு வேண்டாம்.

தகரக் கூரைக்கு துரு வர்றதுக்கு சர்க்யூட் போர்டு அரிக்கற ஃபெரிக் குளோரைடுல அலுமினியத் தகட்ட முக்கறது பழைய வழக்கம். துரு மாதிரியே அருமையா வரும், மறுக்கல. ஆனா அது சூடேறி பொங்கும், ஆவி வரும், தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். பேப்பர்ல எழுதினா பசங்களும் படிப்பாங்க, அதனால இந்த முறைய தயவுசெஞ்சு போடாதீங்க. பழுப்பு ஆரஞ்சு பெயின்ட்ட ஸ்பாஞ்சால ஒத்தி, அது ஈரமா இருக்கும்போதே சாக் பேஸ்டல் பொடிய தூவினா நல்லாவே வருது, ஷீட்டு ஷீட்டா நிறம் மாறணும், துருவோட ஒழுகல் முகட்டுல இருந்து கீழ்நோக்கி போகணும், அவ்ளோதான்.

கட்டுரை சொன்ன அந்த கடைசி வேலைன்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யுது, பொடி. நீராவி என்ஜின் நிக்கற ஷெட்டுன்னா கதவுக்கு மேலயும் புகைபோக்கிய சுத்தியும் கரி, சரக்கு ஏத்தற மேடையில தூசி. பொடிக்கு மேல மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடிச்சா பாதி பொடி மறைஞ்சு போயிடும், அதனால கொஞ்சம் கூடவே போட்டுக்கணும். வார்னிஷ் அடிச்ச இடத்துல முன்னாடி சொன்ன ஆல்கஹால் இங்க் கலவை பட்டா பல சமயம் வெள்ளையா பூத்துடும், அதனால அங்கயும் வரிசை முக்கியம். கட்டிடத்த லேஅவுட்ல வைக்கும்போது அடியில இடைவெளி தெரியாம மண்ணு போட்டு அடைச்சு, அதே மண் நிறத்த சுவரோட அடியிலயும் லேசா ஏத்திவிடணும், இல்லன்னா எவ்ளோ நல்ல வேலையும் மேல தூக்கி வச்ச மாதிரியே நிக்கும்.

அடுத்த தடவை இந்தப் பக்கம் போடும்போது முடிஞ்ச மாடலோட போட்டோ மட்டும் போதாது, ஒட்டறதுக்கு முன்னாடி சாயம் ஏத்தி காயவச்ச சுவரோட போட்டோ ஒண்ணும், பக்கத்துலயே நிஜமான பழைய மரச்சுவரோட போட்டோ ஒண்ணும் சேத்துப் போடுங்க. அதோட ஒட்டறதுக்கு முன்னாடி என்ன செய்யணும், ஒட்டினப்புறம் என்ன செய்யணும்னு தனித்தனியா பிரிச்சு எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
மாடல் கட்டிடம் கட்டும் ஒரு வாசகர்