ரேஷனில் கேழ்வரகோடு சாமையும் வேண்டும்: உணவுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு உணவுத் துறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறவர்களுக்கு, வணக்கம்.

பென்னாகரம் பக்கம் மழையை மட்டும் நம்பிய மானாவாரி நிலம் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. 2023 மே மாதம் எங்கள் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. ஆனால் அது கேழ்வரகோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சாப்பாட்டுக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்க் கிணறுகளை ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். தட்டில் அரிசி மட்டும்தான் என்று ஆன பிறகு, மேட்டுக்காட்டில்கூட போர் போட்டு நெல் நட ஆரம்பித்துவிட்டோம். ஒரு போகம் நெல்லுக்கு ஏறக்குறைய 1,200 மி.மீ. தண்ணீர் வேண்டும். கேழ்வரகு அதில் மூன்றில் ஒரு பங்கிலேயே விளைந்துவிடும், சாமை ஆடிப் பட்டத்து மழையை நம்பியே வந்துவிடும். காவிரிப் பாசனத்தில் நெல் போடுவதை நான் குறை சொல்லவில்லை, அந்த மண்ணுக்கு அதுதான் பயிர். பாறைக்கடியிலிருந்து மோட்டார் வைத்து உறிஞ்சி இங்கே வயலில் தேக்குகிறோமே, அதைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. தேங்கிய சேற்றுக்குள் காற்றுப் போகாததால் மீத்தேன் வேறு கிளம்புகிறது, கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூடேற்றுகிற வாயு அது.

எங்கள் பாட்டி காலத்துக் கேழ்வரகுக் கொல்லை எப்படி இருந்தது தெரியுமா? ஏழெட்டு சால் (உழவு வரிசை) கேழ்வரகு, நடுவே ஒரு சால் அவரை, அப்புறம் துவரை, வரப்போரம் ஆமணக்கு, அங்கங்கே கடுகு. அவரையும் துவரையும் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். ஒரு மழை தவறினால் ஒன்று போகும், மற்றது நிற்கும். அறுத்த தாள் மாட்டுக்கு. யூரியா மூட்டை என்று ஒன்று வீட்டுக்கு வந்ததே இல்லை.

சரி, பிறகு ஏன் சாமையை விட்டீர்கள் என்று கேட்பீர்கள். கேழ்வரகை அப்படியே மாவாக்கிக் களி கிண்டலாம், சாமைக்கு உமி நீக்க வேண்டும். உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி எடுப்பதற்குள் அம்மாவின் உள்ளங்கை சிவந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை விலை. கேழ்வரகுக்கு ஒன்றிய அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதார விலை உண்டு, 2025-26இல் அது குவிண்டாலுக்கு 4,886 ரூபாய்; கம்புக்கும் சோளத்துக்கும் உண்டு. சாமை, தினை, வரகு, குதிரைவாலி நான்குக்கும் ஒன்றிய அரசின் பட்டியலில் இடமே இல்லை. வியாபாரி சொன்னதுதான் விலை.

அதனால் நாங்கள் கேட்பது இதுதான். ஒன்றிய அரசின் பட்டியலுக்குக் காத்திருக்காமல் மாநிலமே ஒரு விலை வைத்து, நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் திறப்பது போல இவற்றுக்கும் திறக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு உமி நீக்கும் மிஷினாவது வேண்டும். வாங்குகிற தானியத்தை ரேஷனிலும் சத்துணவிலும் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் சாமைச் சோறு போட்டால்கூட எவ்வளவோ நிலத்தில் மோட்டார் ஓய்வெடுக்கும்.

விலையை ஆடிக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், விதைத்த பிறகு சொல்லிப் பயனில்லை. எங்கள் வீட்டில் சாமை விதை இன்னும் இருக்கிறது, வேப்பிலை போட்டுப் பானையில் வாய் கட்டி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பென்னாகரம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்