காய்ச்சல் முகாமில் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்

வடசென்னை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்களைப் பராமரிக்கும் எங்கள் வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்தால் வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கம் டெங்குப் பயமும் வந்துவிடும். முகாமில் சர்க்கரை, பிரஷர் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். மனநல மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். வரிசையில் வைத்துக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். தனியே அழைத்துக் கேளுங்கள், மாத்திரை அட்டையை வாங்கிப் பாருங்கள்.

மனச்சிதைவு உள்ளவர்களுக்குத் தொற்று எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஓர் உதாரணம்: கொரோனா முதல் அலையில் நியூயார்க்கில் தொற்று வந்தவர்களிடம் நடந்த ஆய்வில், வயதையும் பிற நோய்களையும் கணக்கில் எடுத்த பிறகும், மனச்சிதைவு உள்ளவர்களுக்கு இறப்பு வாய்ப்பு, மனநோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், சுமார் 2.7 மடங்கு இருந்தது.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது க்ளோசாபின் என்ற மனச்சிதைவு மருந்து. சிலருக்கு அது வெள்ளையணுக்களைக் குறைக்கும், டெங்குவும் குறைக்கும். எதனால் குறைந்தது என்பது ஒரே பரிசோதனையில் தெரியாது. அதனால் பிளேட்லெட்டோடு நிறுத்தாமல், காய்ச்சல் வந்த அன்றே நியூட்ரோபில் (வெள்ளையணுக்களில் ஒரு வகை) எண்ணிக்கையையும் பாருங்கள். 1,500க்குக் கீழே போனால் மாத்திரை எழுதிய மனநல மருத்துவரிடம் அன்றே பேசுங்கள்.

பலரும் கவனிக்காத இன்னொன்று: உடலில் அழற்சி ஏறினால் க்ளோசாபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதி மந்தமாகும். பீடிப் புகை அந்த நொதியைத் தூண்டும். காய்ச்சலில் பீடியை விட்டால் அந்தத் தூண்டுதலும் போய்விடும். வழக்கமான அளவையே விழுங்கினாலும் ரத்தத்தில் மருந்து கூடும். விடாத தூக்கக் கலக்கம், எச்சில் வழிதல், தள்ளாட்டம், சில சமயம் வலிப்பு. இதைக் காய்ச்சல் அசதி என்று விட்டுவிடாதீர்கள். அளவைக் குறைக்க வேண்டுமா என்று மனநல மருத்துவரிடம் உடனே கேளுங்கள்.

பயந்துபோய் மாத்திரையை வீட்டிலேயே நிறுத்துவதும் ஆபத்து. 48 மணி நேரத்துக்கு மேல் க்ளோசாபின் தவறியிருந்தால் பழைய அளவில் தொடரக் கூடாது, 12.5 மி.கி.யில் தொடங்கி ஏற்ற வேண்டும்.

எந்த மனச்சிதைவு மருந்து எடுப்பவருக்கும், காய்ச்சலோடு உடல் மரக்கட்டையாக விறைத்து, வியர்த்து, பேச்சு குழம்பினால் அதை வைரல் என்று எண்ணி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அந்த மருந்தே அதற்குக் காரணமாக இருக்கலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு உடனே அனுப்புங்கள்.

வயிற்று வலியைக்கூட மனச்சிதைவு உள்ளவர்கள் சொல்லாமல் இருக்கலாம். டெங்குவில் காய்ச்சல் தணியும் நாட்கள்தான் கண்டம். கடைசியாக எப்போது சிறுநீர் போனார், எத்தனை முறை வாந்தி என்று உடன் இருப்பவரிடம் கேளுங்கள்.

காய்ச்சல் பதிவேட்டில் மனநல மாத்திரைக்கென்று ஒரு கட்டம் சேர்த்து, எழுதிய மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னையில் மனச்சிதைவு உள்ளவர்களைப் பராமரிப்போர்