மைத்ரி-2: எரிபொருள் தொட்டி வைக்கும் முன் மண் நுண்ணுயிர்ப் பதிவு கோரி மனு

அனுப்புநர்:
மண் நுண்ணுயிரியல் ஆசிரியர் (ஓய்வு),
கோயம்புத்தூர்.

பெறுநர்:
செயலர் அவர்கள்,
மத்திய புவி அறிவியல் அமைச்சகம்,
பிருத்வி பவன், லோதி சாலை,
புது தில்லி.

பொருள்: அண்டார்க்டிகாவில் அமையவுள்ள மைத்ரி-2 நிலையத்தின் எரிபொருள் சேமிப்பிடத்தில் முன்கூட்டியே மண் மாதிரி எடுத்துப் பாதுகாக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். வேளாண் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் மண் நுண்ணுயிரியல் கற்பித்தவன் நான். அண்டார்க்டிகாவுக்குப் போனதில்லை, ஆகவே கட்டடத்தைப் பற்றிப் பேசாமல், அதன் அடியில் கிடக்கும் மண்ணைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அண்டார்க்டிகாவில் 1989 முதல் இயங்கும் நம் மைத்ரி ஆய்வு நிலையத்துக்கு மாற்றாகப் புதிய நிலையம் கட்டப்படவிருப்பது மகிழ்ச்சி. சூரிய மின்சாரம் எவ்வளவு வந்தாலும், வெயிலே எட்டிப் பார்க்காத குளிர்கால மாதங்களுக்கு டீசல் இருப்பு வைத்தே ஆகவேண்டும். டீசல் இருக்குமிடத்தில் கசிவும் ஒருநாள் நேரலாம். அதே கண்டத்தில் ஆஸ்திரேலியா நடத்தும் கேசி நிலையத்தில் 1999-இல் மின் உற்பத்திக் கூடத்தருகே கசிந்த டீசல், பத்தாண்டுகள் கடந்தும் மண்ணை விட்டுப் போகவில்லை. 2011-இல் அந்த மண்ணைத் தோண்டிக் குவித்து, காற்றும் உரச்சத்தும் கொடுத்து, நுண்ணுயிர்களைக் கொண்டே சுத்தம் செய்யத் தொடங்கினார்கள்.

இங்கே கோவையில் என்றால் கடையில் நுண்ணுயிர் பொட்டலம் வாங்கித் தூவிவிடலாம். அங்கே அது முடியாது. அண்டார்க்டிகச் சுற்றுச்சூழலைக் காக்க நாடுகள் செய்துகொண்ட 1991-ஆம் ஆண்டு மாட்ரிட் நெறிமுறையும், நம் 2022-ஆம் ஆண்டு இந்திய அண்டார்க்டிகச் சட்டமும் வெளி உயிர்களை அனுமதியின்றிக் கொண்டுசெல்லத் தடை விதிக்கின்றன. சரியான தடைதான். எனவே டீசலைத் தின்ன வேண்டியவை அந்த மண்ணிலேயே பிறந்த ரோடோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள். குளிரில் மெதுவாகத்தான் தின்னும். தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) போதாமல் பாதியில் நின்றும் போகும். அதற்காக உரத்தைக் கொட்டினாலோ, மண்ணிலுள்ள சொற்ப நீரில் உப்பேறி அவையே வாடிவிடும். கோழி எரு அதிகமாகிப் பயிர் கருகியதைப் பார்த்த எந்த விவசாயிக்கும் இது புரியும். எவ்வளவு இடுவது என்பதை அந்தந்த மண்ணைச் சோதித்துத்தான் முடிவு செய்ய இயலும்.

என் கவலை இன்னொன்று. எண்ணெய் பட்டதும் அதைத் தின்னும் சில இனங்கள் பெருகி, மற்றவை ஒடுங்கிவிடும். அதற்குப் பிறகு மாதிரி எடுத்தால், முன்பு அங்கே யார் குடியிருந்தார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை. மண் பழைய நிலைக்குத் திரும்பியதா என்பதை எதை வைத்து அளப்பது?

ஆகையால், எரிபொருள் தொட்டி, ஜெனரேட்டர் கூடம், குழாய்ப்பாதை வரும் இடங்களிலும், ஒப்பிட்டுப் பார்க்க எட்டத்தில் கைபடாத ஓரிடத்திலும், பணி தொடங்கும் முன்பே பல ஆழங்களில் மண் எடுத்து, ஒரு பகுதியை உறைநிலையில் கோவா துருவ ஆய்வு மையத்தில் பாதுகாக்க உத்தரவிட வேண்டுகிறேன். அந்தப் பதிவைப் புதிய நிலையத்துக்கான சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கையிலும் சேர்க்க வேண்டும். சட்டப்படி அமைந்த அண்டார்க்டிக ஆளுகை மற்றும் சுற்றுச்சூழல் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் இதைத் தாங்கள் ஒரு நிபந்தனையாகவே விதிக்கலாம். தொட்டிக்கு இரட்டைச் சுவர் வேண்டும் என்பதைப் பொறியாளர்களே அறிவார்கள். அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டுமானப் பொருள்களை ஏற்றிச் செல்லும் முதல் கப்பலிலேயே மண் மாதிரி எடுப்பவர் ஒருவரும் போகும்படி ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)