நந்தவன மட்குத் திருப்பணி நிறைவு அறிக்கை

திருப்பணிக் குழு உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

இறையருளால் நந்தவன மட்குத் தொட்டிகள் கட்டும் வேலையும், வெளிப்பிராகாரத்தில் பூந்தொட்டிகள் வைக்கும் வேலையும் நிறைவு பெற்றன. தொட்டிகளில் உள்ள குரோட்டன்ஸ், நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ எல்லாம் வளர்வது நம் நந்தவனத்தில் வெட்டிய கிளைகளையும் சருகையும் மட்கவைத்துச் செய்த கலவையில்தான். இந்தத் திருப்பணியின் நோக்கமே அதுதான்.

கவாத்து செய்த கிளைகள் மதிலோரம் மலையாகக் குவிவதும், காய்ந்ததும் தீ வைப்பதும் பல ஆண்டுகளாக வழக்கமாக இருந்தது. திடக்கழிவு மேலாண்மை விதிகள் கழிவைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தடை செய்கின்றன. விதி ஒரு பக்கம் இருக்கட்டும். நம் குவியலில் பாதி அரளி. அதன் புகை நஞ்சு. சுவாமி தரிசனத்துக்கு வரும் குழந்தைகளும் முதியவர்களும் அதைச் சுவாசிக்கும்படி விடலாமா? இங்கே எரித்துவிட்டு, செடிக்கு வேண்டிய எருவையும் மண்ணையும் லாரியில் வரவழைத்துக் கொண்டிருந்தோம். உழவாரப் படையோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கிய அப்பர் பெருமானை வணங்குகிறவர்கள் நாம். செதுக்கியதை மண்ணுக்கே திருப்புவதும் அந்தக் கைங்கரியத்தில் சேர்ந்ததுதான் என்று குழு கருதுகிறது.

செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, காற்றுப் போகும்படி மூன்று தொட்டிகள் வரிசையாகக் கட்டியிருக்கிறோம். எல்லாப் பக்கமும் 3 அடிக்குக் குறையாது. அதைவிடச் சிறிய குவியலில் சூடு தங்காது. வடகிழக்குப் பருவமழை நேராக இறங்கினால் சத்தெல்லாம் கரைந்து போகும் என்பதால் மேலே கீற்றுக் கூரை.

மட்கவைப்பதில் சேர்மானம்தான் முக்கியம். குச்சியிலும் சருகிலும் கரிச்சத்து (கார்பன்) மிகுதி, பச்சை இலையிலும் சாணத்திலும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி. தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு வரை இருந்தால் குவியல் நன்றாக வேகும். குச்சியை மட்டும் போட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். வெறும் பச்சையைப் போட்டால் அழுகி நாறும். ஆகவே விரல் பருமனுக்கு மேற்பட்ட கட்டைகளைத் தனியே எடுத்துவிட்டு, மற்றதைத் துண்டு துண்டாக நறுக்கி, பச்சை ஒரு அடுக்கு, காய்ந்தது ஒரு அடுக்கு என்று போட்டுச் சாணக் கரைசல் தெளிக்கிறோம். கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசியும் அளவு ஈரம் போதும்.

சில நாளில் உள்ளே சூடு 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. களை விதைகளும் பெரும்பாலான நோய்க் கிருமிகளும் அந்தச் சூட்டில் சாகும். ஓரத்தில் கிடப்பது நடுவுக்கு வரும்படி ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்குப் புரட்டிப் போடுகிறோம். மூன்று தொட்டி எதற்கு என்று கேட்ட உறுப்பினர்களுக்கு இதுதான் விடை. கோரைக் கிழங்கை மட்டும் குவியலில் சேர்ப்பதே இல்லை. சூடு சரியாக எட்டாத ஓரத்தில் தப்பிய கிழங்கு ஒன்று போதும், பூந்தொட்டியெல்லாம் கோரையாகிவிடும்.

சூடு தணிந்த பிறகும் ஓரிரு மாதம் ஆறவிட்டுத்தான் சலிக்கிறோம். அரைகுறையாக மட்கியதைப் பூந்தொட்டியில் போட்டால், அது மேலும் மட்குவதற்காகச் செடிக்குரிய தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும். இலை வெளுத்துவிடும். கொஞ்சம் மட்கில் பச்சைப்பயறு விதைத்துப் பார்ப்போம். ஒழுங்காக முளைத்து வேர் வெள்ளையாக ஓடினால் சரி.

மட்கு இவ்வளவு நல்லதென்றால் பூந்தொட்டி முழுவதும் அதையே நிரப்பலாமே என்று பலரும் கேட்டீர்கள். கூடாது. தோட்டக் கழிவு மட்கில் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) உப்பும் கூடுதல், காரத்தன்மையும் இருக்கும். நாளடைவில் இறுகித் தொட்டியில் பாதியாக அமுங்கியும் போகும். அதனால் மட்கு, செம்மண், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு என்று வைத்திருக்கிறோம். நார்க்கழிவிலும் உப்பு உண்டு. நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடித்த பிறகே சேர்க்கிறோம்.

இட்லிப்பூவுக்கு இந்தக் கலவையும் ஒத்துவராது. அது புளிப்பு மண்ணில், அதாவது அமிலத்தன்மை உள்ள மண்ணில், வளரும் செடி. காரம் கூடினால் இரும்புச்சத்தை உறிஞ்ச முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இளம் இலை மஞ்சளாகும். ஆழ்துளைக் கிணற்று நீர் அதை இன்னும் மோசமாக்கும். ஆகவே அந்தத் தொட்டிகளில் மட்கைக் குறைத்துச் செம்மண்ணைக் கூட்டியிருக்கிறோம். மஞ்சள் தெரிந்தால் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து இலையில் தெளிக்கலாம்.

அரளியின் நஞ்சு மட்கும்போது பெருமளவு சிதைந்துவிடும். ஆனாலும் இந்த மட்கைக் காய்கறிக்கும் கீரைக்கும் யாருக்கும் தருவதில்லை என்று குழு முடிவு செய்திருக்கிறது. பூச்செடிக்கு மட்டுமே. நம்மிடம் தென்னைகள் இருப்பதால் மற்றொரு கவலை, காண்டாமிருக வண்டு. அது முட்டையிடத் தேடுவது இப்படிப்பட்ட குவியலைத்தான். புரட்டும்போது தென்படும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கி அழித்து, அந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணமும் கலக்கிறோம்.

நிர்மாலியத்தை, அதாவது சுவாமிக்குச் சாத்திக் களைந்த பூமாலைகளை, பற்றிப் பெரியவர்கள் கவலைப்பட்டது நியாயமானது. சண்டிகேசுவரருக்கு உரிய நிர்மாலியம் காலில் படக்கூடாது. அதற்குத் தனிக் குழி அமைத்திருக்கிறோம். அந்த மட்கு நந்தவனப் பாத்திகளுக்கு மட்டும் போகும், நடைபாதைத் தொட்டிகளுக்கு வராது. மாலையோடு வரும் பிளாஸ்டிக் நாரும் ஜிகினாவும்தான் பெரிய தொல்லை. தயவுசெய்து வாழைநாரில் கட்டிய மாலையையே வாங்கி வாருங்கள்.

வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் கோயில் அலுவலகத்தில் உள்ளன. உறுப்பினர் எவரும் பார்க்கலாம். மல்லிகைக் கவாத்து கார்த்திகைக் கடைசியில் வருகிறது. அப்போது அரளியையும் சேர்த்து வெட்ட இருக்கிறோம். வர விரும்புகிறவர்கள் பெயர் கொடுங்கள். அரளிப் பால் கையிலும் கண்ணிலும் படாமல் இருக்கக் கையுறை அவசியம், கத்தரியும் அரிவாளும் கோயிலிலேயே இருக்கின்றன.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்