அப்பாவுக்கு, ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிலிருந்து

அப்பா,

உங்கள் சம்பந்தி, என் மாமா, போய் நேற்றோடு ஒரு வருஷம். இடுப்பில் பாவாடை மாதிரி சுற்றிக் கட்டுகிற அவருடைய வேலைக் கில்ட்டை அத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். இன்று காலை அதைக் கட்டிக்கொண்டுதான் கொட்டகைக்குப் போனேன். இனி பெரும்பாலும் அப்படித்தான். குடும்ப குரூப்பில் நான் அதைக் கட்டியிருக்கிற படத்தைப் பார்த்ததும் "எடுத்துடு, நாலு பேர் பார்க்கிறாங்க" என்றீர்கள். எடுக்கப்போவதில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். இதையும் நாலு பேர் படிப்பார்கள் என்பதால் சிலதை விட்டுவிடுகிறேன்.

நீங்கள் வந்திருந்த ஏப்ரல். குட்டி போடுகிற சமயம். நடுராத்திரியில் ஓர் ஆட்டுக்குக் குட்டி மாட்டிக்கொண்டது; தலை வந்துவிட்டது, ஒரு கால் உள்ளே மடங்கியிருந்தது. மாமா மடிப்புகளைப் பின்னால் ஒதுக்கிவிட்டு வைக்கோலில் மண்டி போட்டார். உங்கள் மருமகள் ஆட்டைப் பிடித்திருந்தாள், பாப்பா அயோடின் பாட்டிலோடு நின்றாள், டார்ச் உங்கள் கையில். உங்களுக்கும் மாமாவுக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. ஆனால் அவர் கை போன பக்கமெல்லாம் வெளிச்சம் போனது. வெளியே வந்த குட்டி மூச்சில்லாமல் கிடந்தபோது, கழுத்தில் சுற்றியிருந்த துண்டை உருவி நீங்கள்தான் அதை அழுத்தித் துடைத்தீர்கள். தொப்புளில் அயோடின் வைக்கும்போது குட்டி உதறியதில் மாமாவின் கில்ட்டில் கொட்டியது. அந்தப் பழுப்புக் கறை இன்னும் போகவில்லை, வலது தொடைக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது. குட்டி எழுந்து நின்றதும் மாமா உங்கள் முதுகில் தட்டினார். நீங்கள் அப்படிச் சிரித்து நான் சின்ன வயதில்கூடப் பார்த்ததில்லை.

அப்படிச் சிரித்த நீங்கள்தான் ஊருக்குப் போய், பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில், "சம்பந்தி பாவாடை கட்டிக்கிட்டு ஆடு மேய்க்கிறார்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். யார் சொன்னது என்று கேட்காதீர்கள். அந்த ராத்திரியைப் பற்றி அங்கே ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

மாமா உங்களிடம் சொல்லச் சொன்ன விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. முன்பெல்லாம் இவர்கள் உடம்பு முழுக்கச் சுற்றும் நீளத் துணிதான் கட்டினார்கள். 1720களில் ஸ்காட்லாந்தின் கிளென்கேரியில் இரும்பு உலை நடத்திய ராலின்சன் என்ற ஆங்கிலேயர், அது வேலைக்கு இடைஞ்சல் என்று மேல்பாதியை விட்டுவிட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் இருக்கிற மாதிரி மாற்றினாராம். மறுக்கிற ஆய்வாளர்களும் உண்டு, மாமா நம்பினார். நீங்கள் பீளமேட்டில் ஃபவுண்டரி மோல்டராக இருந்தவர் என்று நான் சொன்ன அன்று, "அப்ப உன் அப்பாவுக்கு இது புரியும்" என்றார். புரிந்திருக்க வேண்டும் அப்பா. உலைக்கு முன்னால் எந்தத் துணி ஆகும், எது ஆகாது என்று உங்களுக்கா தெரியாது?

இதைக் கட்டியதற்காக ஜெயிலுக்கு அனுப்பிய காலம் உண்டு. 1746இல் வந்த சட்டப்படி முதல் தடவை ஆறு மாதம். மறுபடி பிடிபட்டால் ஏழு வருஷம் நாடு கடத்தல். 1782இல்தான் அதை நீக்கினார்கள். இப்போது இங்கேயே பெரும்பாலும் கல்யாணத்துக்கும் விழாவுக்கும்தான் கட்டுகிறார்கள். பக்கத்துப் பண்ணைகளில் எல்லோரும் பேன்ட்தான். மாமாவைப் பார்த்தும் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. நனைந்த பேன்ட் முழங்காலில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கக் குளிரும். இது கனத்த கம்பளி, நனைந்தாலும் கதகதப்பு முழுக்கப் போகாது. கோடையில் மிட்ஜ் பூச்சி பிடுங்கும்போது நானும் பேன்ட்டுக்கு மாறிக்கொள்வேன். வீம்புக்குக் கட்டவில்லை.

நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தது மரியாதையில்லைதான், மன்னித்துவிடுங்கள். ஆனால் மாமா இறந்த செய்தியைச் சொன்னபோது நீங்கள் கேட்ட முதல் கேள்வி உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அதை இங்கே எழுத மாட்டேன்.

அம்மாவின் மாத்திரைக்குத் தம்பியிடம் பணம் அனுப்பியிருக்கிறேன். ஏப்ரலுக்கு டிக்கெட் போடட்டுமா? வந்தால் கொட்டகையில் எங்களோடு வேலை செய்ய வேண்டும், நான் எதைக் கட்டியிருந்தாலும் சரி. யோசித்துச் சொல்லுங்கள்.