வேலை போனதை எப்படிச் சொல்வது? மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, ஆச்சி எல்லோரும் நலம். மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் தண்ணீர் கூடி, குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சூழ்ந்து நிற்கிறது. உன் செய்தியைக் கேட்டதும் அம்மா கலங்கிப்போனாள், இப்போது தேறிவிட்டாள். உன்மேல் யாருக்கும் வருத்தமில்லை, தாயி. அதை முதலில் மனதில் வாங்கிக்கொள்.

இனிப் போகும் இடத்திலெல்லாம் "பழைய வேலையை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்பார்களே, என்ன சொல்வது என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதிதான் காதில் நிற்கும். அதனால் எழுதுகிறேன்.

உன் தோழி ஒரு யோசனை சொன்னதாகச் சொன்னாய். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ராஜினாமா செய்தேன் என்று சொல்லிவிடலாம் என்று. அதை அடியோடு மறந்துவிடு. நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறவளை நாமே வாயால் படுக்கையில் தள்ளுவதா? எனக்கு அதைக் கேட்கவே பொறுக்கவில்லை. அதை விட்டாலும், இந்தப் பொய் நிற்காது. நீ வெளியேறிய தேதியைப் பழைய நிறுவனம் பி.எஃப். கணக்கில் ஏற்றும். புது இடத்தில் சேரும்போது நிரப்புகிற படிவத்திலும் அந்தத் தேதி வரும். பின்புலச் சரிபார்ப்புக்கென்றே ஆள் வைத்திருக்கும் நிறுவனங்கள் பழைய இடத்துக்குப் போன் போட்டு, ராஜினாமாவா, நிறுத்தினீர்களா என்று நேராகவே கேட்கிறார்கள். ராஜினாமா என்று எழுதிக் கொடுத்துச் சேர்ந்த பிறகு உண்மை தெரிந்தால், அந்த எழுத்து ஒன்றே உன்னை அனுப்புவதற்குப் போதும். கவனக்குறைவைப் பொறுத்துக்கொள்கிற முதலாளியை நான் பார்த்திருக்கிறேன். கணக்குப் பார்க்கிறவள் பொய் சொன்னாள் என்று தெரிந்த பிறகும் வைத்துக்கொண்டவரைப் பார்த்ததில்லை.

ஆகவே உண்மையைத்தான் சொல்லப் போகிறாய். ஆனால் நடந்தது என்ன என்பது முதலில் உனக்கே தெளிவாக இருக்க வேண்டும். போனில் நீ அழுதுகொண்டே "டிஸ்மிஸ் பண்ணிவிட்டார்கள் அப்பா" என்றாய். நீ அனுப்பிய கடிதத்தை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். ஒழுங்கீனம் என்றோ நம்பிக்கை மோசடி என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. குற்றச்சாட்டு மெமோவும் இல்லை, விசாரணையும் இல்லை. பணியில் கவனக்குறைவு காரணமாக உன் வேலையை முடித்துக்கொள்வதாகச் சொல்லி, ஒரு மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 41-ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது. ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுத்தாக வேண்டும். விசாரணை வைத்து ஒழுங்கீனத்தை நிரூபித்து நிறுத்தினால் மட்டும் அந்த முன்னறிவிப்பு தேவையில்லை. உனக்குச் சம்பளம் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். மேல்முறையீட்டுக்கும் அதே பிரிவில் வழி இருக்கிறது. வேண்டாம் என்றாய், அது உன் முடிவு. இந்தச் சட்டத்தையெல்லாம் இன்டர்வியூவில் எடுத்து வைக்காதே. "திருட்டோ மோசடியோ என்று என்மேல் யாரும் சொல்லவில்லை" என்று தலை நிமிர்ந்து சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது என்பதற்காக எழுதினேன்.

மில்லில் ஆட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீஸில் நான் இருந்த காலத்தில், ஆள் எடுக்கும்போதெல்லாம் பெர்சனல் மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஃபைல் எடுத்துக் கொடுப்பது என் வேலை. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் மனதில் என்ன ஓடும் என்று உனக்குச் சொல்கிறேன். அவர் நீதிபதி இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். "இந்த ஆளை யார் எடுத்தது?" என்று நாளை கேள்வி வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில்தான் கேட்கிறார். இங்கேயும் அதே நடக்குமா, நடக்காதா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டும்.

வேறொரு மில்லில் நிறுத்தப்பட்ட ஃபிட்டர் ஒருவர் வந்தார். கட்டம் போட்ட சட்டை, விரல் நகத்தில் போகாத எண்ணெய்க் கறை. ஏன் அங்கிருந்து வந்தீர்கள் என்று மேனேஜர் கேட்டார். "மூடியைப் பூட்டாமல் மிஷினை ஓட்டிப் பார்த்தேன் சார். பக்கத்தில் நின்ற பையனுக்கு விரலில் அடிபட்டது. என்னை நிறுத்திவிட்டார்கள். இப்போது மூடியைப் பூட்டிக் கையால் ஒருமுறை அசைத்துப் பார்க்காமல் சுவிட்சைத் தொடுவதில்லை." இவ்வளவுதான் சொன்னார். மேனேஜர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஸ்பிண்டில் டேப் அறுந்தால் மாற்ற எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். அங்கிருந்து பேச்சு முழுக்க வேலையைப் பற்றித்தான். அவரை எடுத்தார்கள். வெகு காலம் எங்களோடு இருந்தார்.

பழைய சூப்பர்வைசர் செய்த அநியாயத்தைச் சொல்ல ஆரம்பித்து நிறுத்தத் தெரியாமல் பேசியவர்களும் வந்தார்கள். அவர்கள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்கிறவர் மனம் அப்போதே மூடிக்கொள்ளும். நாளை நம்மைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார் என்று தோன்றிவிடும்.

உனக்கும் அந்தக் குமுறல் இருக்கிறது, எனக்குத் தெரியும். ஒரே பில் மெயிலில் ஒருமுறை வந்தது, கூரியரில் அசல் ஒருமுறை வந்தது. முதலில் 417 என்று ஏற்றினாய், பிறகு 0417 என்று ஏற்றினாய். சாஃப்ட்வேர் இரண்டையும் வேறு வேறு பில் என்று எடுத்துக்கொண்டது, பணமும் இரண்டு முறை போய்விட்டது. உனக்கு மேலே இருந்தவரும் பார்த்துத்தான் ஒப்புதல் கொடுத்தார்; அவர் இன்றும் அதே நாற்காலியில் இருக்கிறார். சரக்கு கொடுத்தவர்கள் இரண்டாவது பணத்தைத் திருப்பி அனுப்பியும் விட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் உன்னை மட்டும் அனுப்பியது எனக்கும் நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கிறது. அந்தக் குமுறலையெல்லாம் என்னிடம் கொட்டு, அம்மாவிடம் கொட்டு. வேலை கேட்டுப் போகும் இடத்தில் வேண்டாம்.

அங்கே சொல்ல வேண்டியதை நானே எழுதிப் பார்த்தேன். உன் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொள்:

"அங்கே மூன்று வருடத்துக்கு மேல் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஒரு பில் இரண்டு முறை பதிவாகி, பணம் இரண்டு முறை போய்விட்டது. பதிவு செய்தது நான்தான். பணம் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் என்னை நிறுத்திவிட்டார்கள். இப்போது பில் எண்ணை மட்டும் நம்புவதில்லை. பெயர், தேதி, தொகை மூன்றையும் சேர்த்துத் தேடிவிட்டுத்தான் பதிவு செய்வேன். மாதக் கடைசியில் சப்ளையரிடம் ஸ்டேட்மென்ட் வாங்கி நம் லெட்ஜரோடு ஒத்துப் பார்ப்பேன்."

இதோடு நிறுத்திக்கொள். நிறுத்துவதுதான் கஷ்டம். எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால் அந்த அமைதியை நிரப்ப வேண்டும் என்று தோன்றும். நிரப்பாதே, அவரே அடுத்த கேள்விக்கு வருவார். கடைசி இரண்டு வரிகள்தான் அவருடைய பயத்துக்குப் பதில். அதனால் அவை வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது. உன் அண்ணன் கடைக் கணக்கை எடுத்து, சப்ளையர் ஸ்டேட்மென்டோடு ஒத்துப் பார்க்கும் வேலையை இந்த மாதமே செய்து பழகு. எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டால் காகிதத்தில் போட்டே காட்டலாம். அண்ணனுக்கும் உபகாரம், மதினி எப்போதோ கேட்டாள்.

பயோடேட்டாவில் காரணம் எழுதத் தேவையில்லை, சேர்ந்த மாதமும் விட்ட மாதமும் போதும். அந்த மாதங்களை இழுத்து நீட்டாதே. படிவத்தில் வேலையை விட்ட காரணம் என்று கட்டம் இருந்தால், "நிறுவனம் பணியை முடித்துக்கொண்டது, நேரில் விளக்குகிறேன்" என்று எழுது. கேட்டால் கொடுக்க இரண்டு பேர் பெயர் வேண்டும். வருடாவருடம் தணிக்கைக்கு வந்த ஆடிட்டர் உன் வேலையைப் பாராட்டினார் என்று சொல்வாயே, அவரிடம் நீயே போன் செய்து நடந்ததைச் சொல்லி அனுமதி கேள். அவர் வேறு யார் மூலமாகவோ கேள்விப்படும்படி விட்டுவிடாதே.

எல்லோரிடமும் ஒரே பேச்சுதான். ஒரே ஆடிட்டர் பத்து கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிறார். பாளையங்கோட்டையில் ஒருவரிடம் ஒன்று சொல்லி திருநெல்வேலி டவுனில் இன்னொருவரிடம் வேறு சொன்னால், இரண்டு பேரும் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பார்கள். சென்னை பெரிய ஊர்தான், ஆனால் உன் தொழிலுக்குள் அதுவும் சின்ன ஊர். இங்கே சொந்தக்காரர்கள் விசாரித்தால் நான் பேசிக்கொள்கிறேன். வேலை மாறுகிறாள் என்று மட்டும் சொல்வேன், அதற்குமேல் அவர்களுக்குக் கணக்குக் காட்டத் தேவையில்லை. வேலை கொடுக்கப் போகிறவருக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது, பெரியம்மாவுக்கு இல்லை.

பயத்தில் முதலில் கிடைத்த வேலையில் போய் உட்கார்ந்துவிடாதே. வாடகைக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், திருப்பித் தருவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பிரிவில் ஆள் கேட்கிறார்கள் என்று என்னோடு மில்லில் இருந்தவர் சொன்னார். உன்னை ஊருக்கு இழுப்பதற்காகச் சொல்லவில்லை. சென்னையிலேயே இருக்க நினைத்தால் இரு. அங்கே விண்ணப்பம் அனுப்புவதானால் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல், விலாசம் வாங்கி வைக்கிறேன்.

சனிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்ததும் போன் செய். நான் மேனேஜராகக் கேட்கிறேன், நீ பதில் சொல். கடுமையாகத்தான் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதே. முதலில் தமிழில் சொல்லிப் பழகிவிட்டு, பிறகு இங்கிலீஷில் சொல்லலாம்.

அன்புடன்,
அப்பா